“குடையை எடுத்துட்டுப் போ”: இதில் சொல்லாமல் விட்டது என்ன?

கடைசிபெஞ்ச் | வெள்ளி, இரவு 10:40

வங்கித் தேர்வுக்கு இது எனக்கு இரண்டாவது வருடம். பகலில் ஒரு செல்போன் கடையில் வேலை, இரவில் படிப்பு. கணக்கு ஓரளவு ஓடுகிறது. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைக்கிற புதிர்கள்கூடக் கைக்கு வந்துவிட்டன. ஒரு கூற்றைக் கொடுத்து, அதில் சொல்லாமலே எடுத்துக்கொண்டது எது என்று கேட்கிற இந்த ‘ஸ்டேட்மென்ட் அண்ட் அசம்ப்ஷன்’ மட்டும் காலை வாருகிறது. நேற்று 20 கேள்வி போட்டேன், 9 சரி. தப்புக்குக் கால் மார்க் கழித்தால் கையில் நிற்பது ஆறேகால்.

புத்தகக் கேள்விகள் சலித்துப்போய் வீட்டுப் பேச்சிலிருந்தே ஒன்று எழுதிப் பார்த்தேன்.

கூற்று: “மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டுப் போ” என்று அம்மா மகனிடம் சொல்கிறார்.

அ. எடுத்துப் போகிற நிலையில் வீட்டில் ஒரு குடை இருக்கிறது.
ஆ. நனைந்தால் மகனுக்குக் காய்ச்சல் வரும்.
இ. இன்று மழை கட்டாயம் பெய்யும்.

இதில் எது சொல்லாமல் உள்ளே இருக்கிறது? நான் ஆ, இ இரண்டையும் குறித்தேன். கூடப் படிக்கிற நண்பன் ‘அ மட்டும்’ என்கிறான். வீட்டில் குடை இருப்பதெல்லாம் ஒரு விஷயமா? அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. காய்ச்சல் பயம் இல்லாமல் எந்த அம்மா குடையை எடுக்கச் சொல்வார்?

மலைக்கோட்டை | வெள்ளி, இரவு 11:05

தம்பி, “அதுதான் எல்லாருக்கும் தெரியுமே” என்று எதை ஒதுக்கினீர்களோ அதைத்தான் கேள்வியில் கேட்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

பல வருடமாக இந்தப் பகுதியை வகுப்பில் எடுக்கிறேன். பிள்ளைகள் சறுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்தான். சொன்னவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று துழாவப் போய்விடுகிறார்கள். அம்மா மனதில் காய்ச்சல் ஓடியிருக்கலாம், புது சட்டை ஓடியிருக்கலாம், போன வருடம் பெய்த மழைகூட ஓடியிருக்கலாம். அதற்கெல்லாம் முடிவே கிடையாது. எது இல்லையென்றால் அந்தப் பேச்சு நிற்காதோ அதை மட்டும் தேடுங்கள்.

ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அதாவது மறுத்துச் சொல்லிப் பாருங்கள். ‘எடுத்துப் போகிற நிலையில் குடை இல்லை.’ அம்மாவின் பேச்சு அந்தரத்தில் தொங்குகிறது. ‘நனைந்தால் காய்ச்சல் வராது.’ வராவிட்டால் போகட்டும், சட்டை நனையும், ரெக்கார்டு நோட்டு நனையும், ஈரத் துணியோடு பஸ்ஸில் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று போதும், பேச்சு விழாமல் நிற்கும். ‘மழை கட்டாயம் பெய்யும் என்பதில்லை.’ அம்மாவே ‘மாதிரி இருக்கு’ என்றுதானே சொன்னார்? கட்டாயம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

உங்கள் நண்பன் சரி.

அம்மிக்கல் | வெள்ளி, இரவு 11:20

என் மகள் இதே தேர்வுக்குப் படிக்கிறாள், அதனால் இங்கே எட்டிப் பார்த்தேன். அவளுடைய புத்தகத்தில் ‘அறிவுரை சொன்னால், கேட்பவர் அதன்படி நடப்பார் என்பது உட்கிடை’ என்று விதி போட்டிருக்கிறது. சொல்லாமல் உள்ளே இருப்பதைத்தான் உட்கிடை என்கிறார்கள். எந்த அம்மாவும் மகன் கேட்பான் என்று நம்பிச் சொல்வதில்லை. சாயங்காலம் நனைந்து வரும்போது “நான் அப்பவே சொன்னேனே” என்று கேட்க வேண்டாமா, அதற்குத்தான் காலையில் சொல்லி வைப்பது.

மலைக்கோட்டை | வெள்ளி, இரவு 11:32

அக்கா, வீட்டு வழக்கில் நீங்கள் வென்றீர்கள். தேர்வில் அந்த விதி கொஞ்சம் இறங்கிவந்துதான் எடுபடும்: ‘கேட்பான்’ என்பது வேண்டாம், ‘கேட்க வாய்ப்பு உண்டு’ என்பது போதும். காது கேளாத சுவரிடம் யாரும் அறிவுரை சொல்வதில்லை, அந்த அளவுதான்.

வடமராட்சி | சனி, காலை 6:15

இந்தச் சிக்கலில் பாதி மொழிபெயர்ப்பால் வந்தது. நான் இலங்கையில் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்ற தருக்கப் பாடம் படித்த ஆள். எங்கட பாடத்தில் இதற்கு ‘எடுகோள்’ என்று சொல் இருக்கு. ஒரு வாதத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது எடுகூற்று, அதிலிருந்து வருவது முடிவு. எடுகோள் என்பது சொல்லாமலே எடுத்துக்கொண்டது. மூன்றும் மூன்று இடத்தில் நிற்கும்.

இந்தியாவில் இருந்து வந்த சில வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்தேன். அசம்ப்ஷனுக்கும் ‘அனுமானம்’, இன்ஃபரன்ஸுக்கும் ‘அனுமானம்’. ஒரு பக்கத்தில் ஊகம், மறுபக்கத்தில் யூகம். படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? தத்துவ நூல்களில் அனுமானம் என்றால் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. அது கண்டதில் இருந்து முன்னுக்குப் போகிறது. எடுகோளைத் தேடுகிறவர் பின்னுக்குப் போக வேண்டும்.

கடைசிபெஞ்ச் | சனி, காலை 7:02

அண்ணா, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. என் நோட்டில் இரண்டுக்கும் ‘அனுமானம்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். இன்றே மாற்றுகிறேன்.

உம்மைத்தொகை | சனி, காலை 9:48

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். தேர்வு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் உள்ளே வருகிறேன்.

மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகும் காதை ஒன்று உண்டு. அங்கே அளவைவாதி அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை அடுக்கும்போது அருத்தாபத்தி என்று ஒன்றைச் சொல்கிறான். ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்றால் கங்கைக் கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது. ஆற்று வெள்ளத்தின் நடுவே யாரும் குடிசை போட மாட்டார்கள். கேட்டவன் தானே நிரப்பிக்கொள்கிறான்.

வேதத்துக்குப் பொருள் ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதற்குத் தருகிற பழைய உதாரணம் தேவதத்தன். பகலில் அவன் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் சாப்பிடுகிறான்.

மலைக்கோட்டை | சனி, காலை 10:10

ஐயா, வணக்கம். கங்கைக் கரை எனக்குப் பிடித்திருக்கிறது, வகுப்பில் சொல்லப் போகிறேன். தேவதத்தனில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. ‘இரவில் சாப்பிடுகிறான்’ என்பது அங்கே முடிவு. சொல்லாமல் உள்ளே இருப்பது வேறு: சாப்பிடாமல் யாரும் பருமனாக இருக்க முடியாது. அதைக் கவிழ்த்தால் இரவுச் சாப்பாடு கைவிட்டுப் போகிறது. வடமராட்சி சொன்ன முன்னுக்கும் பின்னுக்கும் இந்த ஒரே உதாரணத்தில் கிடைத்துவிட்டன.

உம்மைத்தொகை | சனி, காலை 10:41

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கணத்தை விட்டுவிடாதீர்கள். தமிழில் சொல்லாத செய்தி பெரும்பாலும் ஒரு சின்ன இடைச்சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும்.

“பக்கத்து வீட்டுப் பையனும் பாஸ் பண்ணிட்டான்.” இந்த ‘உம்’ எச்ச உம்மை, சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் சேர்த்துக் காட்டுவது. ‘சாத்தனும் வந்தான்’ என்றால் கொற்றன் வந்ததையும் அது தழுவி நிற்கும் என்று பாடம் நடத்துவோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு முன்னால் வேறு யாரோ பாஸ் ஆகியிருக்கிறார்கள். அந்த வேறு யாரோ நம் வீட்டில் இல்லை என்பதால்தான் இந்த வாக்கியம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்படுகிறது.

“இப்பவாவது வந்தியே.” முன்பே வந்திருக்க வேண்டும் என்பது ‘ஆவது’வில் இருக்கிறது. “இன்னும் கல்யாணம் ஆகலையா?” இந்நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லில். ஆகவில்லை என்று பதில் சொன்னாலும் அந்த ‘இந்நேரம்’ அப்படியே நிற்கிறது பாருங்கள். கேள்விக்குப் பதில் சொன்னவர் தெரியாமலே அதற்கும் தலையாட்டிவிட்டார்.

இரவுஷிப்ட் | சனி, காலை 11:30

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எங்கள் பிழைப்பே இதுதான். “பெயரை டைப் செய்தால் சேமிக்கப்படும்” என்று எழுதித் தருவார்கள். எழுதியவர் மனதில் எல்லாருக்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு இருக்கும். நம் ஊரில் அப்பா பெயரின் ஒரு எழுத்துதான் இனிஷியல். கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரே எழுத்தைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் திட்டும். நானே ஒரு படிவத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டு, அப்புறம் சான்றிதழும் அதுவும் ஒத்துப்போகாமல் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன்.

ஐயா சொன்ன ‘ஆவது’, ‘இன்னும்’ எல்லாம் சொல்லில் தெரிகிறவை. இந்த மாதிரி, சொல்லில் எந்தத் தடயமும் இல்லாமல் ஒளிந்திருப்பவைதான் கஷ்டம்.

இதில் பெரிய ஆள் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வேலை செய்தார். குண்டுவீச்சு விமானங்கள் எங்கெங்கே அடி வாங்கித் திரும்புகின்றன என்ற கணக்கு அவரிடம் வந்தது. அதிகம் ஓட்டை விழுந்த இடத்தில் கவசம் போடு என்பது யாருக்கும் தோன்றுகிற முடிவு. அதற்கு அடியில் ஒன்று சொல்லாமல் கிடக்கிறது: திரும்பி வந்தவையும் வராதவையும் ஒரே மாதிரி அடி வாங்கின. வால்ட் வராதவற்றைக் கணக்கில் சேர்த்தார். திரும்பி வந்த விமானத்தில் எங்கே ஓட்டை குறைவோ, அங்கே அடி பட்டவை வீடு திரும்பவில்லை.

இதே வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, அவர் போன விமானம் நம் நீலகிரி மலையில் மோதி, மனைவியோடு இறந்துபோனார். கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

அம்மிக்கல் | சனி, மதியம் 12:15

எங்கள் வீட்டில் இதை மிக்ஸியில் கேட்கலாம். “என் கல்யாணத்துக்கு வாங்கின மிக்ஸி இன்னும் ஓடுது, அந்தக் காலத்துப் பொருளே தனி” என்பார் மாமியார். அதே வருடம் வாங்கி ரிப்பேராகி எடைக்குப் போன மிக்ஸிகளைப் பற்றிப் பேச யாரும் இல்லை. ஓடுகிறது மட்டும் சமையலறையில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறது.

இதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் சாப்பாடு வேண்டும்.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 9:50

கடையில் கூட்டம், இப்போதுதான் வந்தேன். கவிழ்த்துப் பார்க்கும் முறையை இன்று முதலாளி சொன்ன ஒன்றில் போட்டேன், மாட்டிக்கொண்டேன்.

கூற்று: “வாசல்ல ‘கவர் 99 ரூபாய்’னு போர்டு வச்சா வியாபாரம் கூடும்.”
உட்கிடையா: அந்த வழியாகப் போகிற எல்லாரும் போர்டைப் படிப்பார்கள்.

கவிழ்த்தேன்: ‘எல்லாரும் போர்டைப் படிக்க மாட்டார்கள்.’ யாருமே படிக்காவிட்டால் போர்டு வீண், முதலாளி பேச்சு விழுகிறது. அப்படியானால் இது உட்கிடை. நண்பன் வழக்கம்போல ‘இல்லை’ என்கிறான். முறை சரியாகத்தானே போட்டேன்?

மலைக்கோட்டை | சனி, இரவு 10:08

முறை சரி, கவிழ்த்தது தப்பு. ‘எல்லாரும் படிப்பார்கள்’ என்பதை மறுக்க ஒரே ஒருவர் படிக்காமல் போனால் போதும். ‘யாருமே படிக்க மாட்டார்கள்’ வரை போக வேண்டியதில்லை. பத்துப் பேரில் நாலு பேர் படித்தாலும் வியாபாரம் கூடலாம். ஆகவே அது தேவையில்லை. தேவைப்படுவது ‘சிலராவது படிப்பார்கள்’.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 10:14

ஆனால் அண்ணா, “எல்லாரும் வரல” என்றால் யாரும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? தமிழில் அப்படித்தானே பேசுகிறோம்?

உம்மைத்தொகை | சனி, இரவு 10:37

தம்பி கேட்டது முதல்தரமான கேள்வி. அதைத் தப்பு என்று தள்ளாதீர்கள்.

‘எல்லாரும்’ என்பதில் உள்ளது முற்றும்மை, ஒன்றும் விடாமல் முழுவதையும் காட்டும் ‘உம்’. நன்னூலில் ஒரு சூத்திரம்: “முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்.” இதற்கு உரைகாரர்கள் காட்டுவது ‘எல்லாரும் வந்திலர்’. சிலர் வந்தார்கள் என்ற எச்சப் பொருளும் அதற்கு உண்டு என்பார்கள். ‘ஒரோவழி’ என்ற சொல்லைக் கவனியுங்கள், சில இடங்களில் மட்டும். அதாவது நீங்கள் தடுக்கி விழுந்த கல் இன்று நேற்று போட்டதல்ல. ஒரே வாக்கியம் ‘ஒருவரும் வரவில்லை’ என்றும் நிற்கும், ‘வந்தது சிலர்தான்’ என்றும் நிற்கும். குரலை ஏற்றி இறக்கி நாம் பிரித்துவிடுகிறோம். தாளில் குரல் கிடையாது.

எனவே ‘எல்லாரும்’ வந்தால் வினைமுற்றில் கை வைக்காதீர்கள். ‘படிக்காதவர்களும் இருக்கிறார்கள்’ என்று கவிழ்த்துங்கள். எங்கும் குழப்பம் வராது.

வடமராட்சி | சனி, இரவு 10:52

ஐயா, உயர்தரத்தில் இதை நிறை (எல்லாம்), குறை (சில) என்று பிரித்து மாதக்கணக்கில் படித்தோம். நன்னூலில் இப்படி ஒரு வரி இருக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஷார்ட்கட் | ஞாயிறு, காலை 8:20

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. நான் போன வருடம் தேறியவன். மூன்று விதி: ‘மட்டும்’, ‘எல்லா’, ‘கட்டாயம்’ வந்தால் அடித்துவிடு. விளம்பரம், அறிவிப்பு என்றால் ‘மக்கள் கவனிப்பார்கள்’ என்பதை டிக் அடி. ‘இரண்டில் ஒன்று’ என்ற விடையைத் தொடாதே. ஒரு கேள்விக்கு 20 நொடி. தேர்வு அறையில் நன்னூல் புரட்ட நேரமில்லை.

மலைக்கோட்டை | ஞாயிறு, காலை 9:00

வாழ்த்துகள். ஆனால் இதைப் போட்டுப் பாருங்கள்.

கூற்று: “ஆத்துப் பாலம் உடைஞ்சு போச்சு, அதனால இன்னைக்கு ஊருக்குள்ள பஸ் வராது.”
உட்கிடையா: ஊருக்குள் பஸ் வர அந்தப் பாலம் மட்டுமே வழி.

உங்கள் முதல் விதிப்படி ‘மட்டும்’ வந்துவிட்டது, அடித்தாயிற்று. கவிழ்த்தால்? பஸ் வர இன்னொரு வழியும் இருக்கிறது. ‘அதனால’ என்ற சொல்லின் பிடி அங்கேயே தளர்கிறது. சொல்பவர் அந்த ‘மட்டும்’ மேல்தான் ஏறி நிற்கிறார். விதி பத்தில் எட்டுக்கு ஓடும் என்பது உண்மைதான். கேள்வி போடுகிறவருக்கும் அந்த விதி தெரியும், மீதி இரண்டை அவர் அங்கேதான் வைப்பார்.

ஷார்ட்கட் | ஞாயிறு, காலை 9:12

பாலம் நல்ல கேள்வி. அந்த 20 நொடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம்முயற்சி | ஞாயிறு, காலை 11:25

குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவள். எங்கள் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 80 கேள்வி, 200 மதிப்பெண், 33 சதவீதம் எடுத்தால் போதும். 2015-லிருந்து இது தகுதித் தாள்தான். ‘போதும்’ என்று சொல்வது எளிது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவதால், தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகிற எங்களுக்கு அந்தப் பத்திகளில்தான் உயிர் போகும்.

ஒரு பத்தி கொடுத்து, இதன்படி கீழ்க்கண்ட எடுகோள்கள் கொள்ளப்பட்டுள்ளன, இவற்றில் எது ஏற்புடையது என்று கேட்பார்கள். இந்த ‘ஏற்புடையது’தான் என்னைக் குழப்புகிறது. பத்திக்குள் இருக்கிறதா என்று கேட்கிறார்களா, சரிதானா என்று கேட்கிறார்களா? நானே ஒன்று செய்தேன், பாருங்கள்.

கூற்று: “கிராமங்களில் வங்கிக் கிளைகளைப் பெருக்கினால் மக்கள் கந்துவட்டிக்குப் போவது குறையும்.”

அ. கந்துவட்டி வாங்குவது சட்டப்படி குற்றம்.
ஆ. கந்துவட்டிக்குப் போகிறவர்களில் சிலராவது பக்கத்தில் வங்கி இல்லாததால் போகிறார்கள்.
இ. கிளை திறந்தால் கிராமத்தார் அனைவரும் அங்கே கணக்கு தொடங்குவார்கள்.

நான் அ, ஆ என்று போட்டேன். தமிழ்நாட்டில் 2003-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, பொது அறிவு கேட்கும் முதல் தாளுக்குப் படித்திருக்கிறேன். உண்மையான ஒன்றை எப்படித் தள்ளுவது?

மலைக்கோட்டை | ஞாயிறு, மதியம் 12:02

முதல் தாளை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் அம்மா. அ உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. கவிழ்த்துப் பாருங்கள்: அந்தச் சட்டமே வரவில்லை, கந்துவட்டி குற்றமே இல்லை. அப்போதும் பக்கத்தில் வங்கி வந்தால் மக்கள் அங்கே போகலாம், கந்துவட்டி குறையலாம். கூற்று அசையவில்லை. உலகத்தில் உண்மையாக இருப்பதும் இந்தக் கூற்றுக்குத் தூணாக இருப்பதும் வேறு வேறு.

ஆ தூண். அதைக் கவிழ்த்தால், ஒருவர்கூட வங்கி இல்லாததால் போகவில்லை, எல்லாரும் வேறு காரணத்துக்குப் போகிறார்கள். அப்புறம் எத்தனை கிளை திறந்து என்ன? இ-யில் ‘அனைவரும்’ தேவையில்லை, காரணம் நேற்றே பேசிவிட்டோம்.

அந்த ‘ஏற்புடையது’ பற்றிய உங்கள் குறை நியாயமானது. பத்தியின் எழுத்தாளருக்கு அது தேவைப்பட்டதா என்ற பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

அம்மிக்கல் | ஞாயிறு, மதியம் 1:10

ஆ தூணாக இருக்கட்டும். அந்தத் தூண் உளுத்துப்போனது என்று நான் சொல்லலாமா?

எங்கள் தெருவிலிருந்து வங்கி நடந்து போகிற தூரம். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா வட்டிக்காரரிடம்தான் வாங்கினார். ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். வங்கி அப்போது பூட்டிக் கிடக்கும். திறந்திருந்தாலும் ஜாமீன் கையெழுத்து, சம்பள ரசீது, நாலு நாள். வட்டிக்காரர் பைக்கில் வந்து வாசலில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தாயிரம் என்று பேச்சு, முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது ஒன்பது. தூரம் எங்கே வந்தது இதில்?

மூன்றாம்முயற்சி | ஞாயிறு, மதியம் 1:25

அக்கா, இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். எடுகோள் எது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது பொய்யாக இருக்கலாம் என்று காட்டுவது அடுத்த வேலை. நான் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துகொண்டிருந்தேன்.

இரவுஷிப்ட் | ஞாயிறு, மாலை 4:40

பயிற்சிக்குத் தெருப் பலகைகளைவிட நல்ல இடம் இல்லை. நேற்று பஸ்ஸில் போகும்போது குறித்தவை:

“படியில் பயணம் நொடியில் மரணம்.”
“சரியான சில்லறை கொடுத்து உதவவும்.”
“கடன் அன்பை முறிக்கும்.”
“எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.”

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 9:35

முயன்று பார்க்கிறேன். படிப் பயணம்: படியில் நிற்கிற ஒவ்வொருவரும் சாவார்கள் என்பது தேவையில்லை, விழுந்து சாக வாய்ப்பு உண்டு என்பது போதும். அப்புறம், சாவு பயம் படிக்கிறவரை மேலே ஏற வைக்கும். சில்லறை: பயணிகளில் சிலர் கையிலாவது சில்லறை இருக்கும். கேட்டால் கொடுக்கலாம் என்கிற அளவுக்கு மனசு இருக்கும்.

கடன்: கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே முறிகிற மாதிரி ஏதோ ஒரு அன்பு இருக்கிறது! இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கடையிலும் இந்தப் பலகை இருக்கிறது. முதலாளி அதன் கீழே உட்கார்ந்துதான் கடன் நோட்டில் எழுதுவார்.

கிளைகள் இல்லை என்பதில் மாட்டிக்கொண்டேன். அது வெறும் தகவல்தானே?

மலைக்கோட்டை | ஞாயிறு, இரவு 10:00

எத்தனையோ கடைக்குக் கிளை இல்லை. பெட்டிக்கடையில் இந்தப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? அல்வாக் கடையிலும் பிரியாணிக் கடையிலும் ஜவுளிக் கடையிலும்தான் தொங்கும். தகவல் என்றால் அதைச் சொல்ல ஒரு தேவை வேண்டும். இதே பெயரில் வேறு கடை இருக்கிறது, அல்லது வரக்கூடும். வருகிறவர் அதை இவர்களுடையது என்று நம்பிவிடலாம். இவர்களுடையது என்று நம்பினால் அங்கே போவார், ஏனென்றால் இந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. ‘நாங்கள் பிரபலம்’ என்று எழுதாமலே எழுதிவிட்டார்கள்.

உம்மைத்தொகை | ஞாயிறு, இரவு 10:16

‘எங்கும்’ முற்றும்மை என்பதையும் குறித்துக்கொள்க. இங்கே எச்சமாகாது. ஆகியிருந்தால் பலகை மாட்டியவர் கதி என்ன!

வடமராட்சி | ஞாயிறு, இரவு 10:31

அதே பலகை பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டில் தொங்கினால்? ஒரே பெயர், இரண்டிலும் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், வாங்க வந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 10:20

இன்று 20 போட்டேன், 14 சரி. தப்பான ஆறில் நாலு, விடை எனக்கு உண்மையாகத் தோன்றியதால் டிக் அடித்தது. அதை இன்னும் பழகவில்லை.

வேறொன்று சொல்ல வந்தேன். காலையில் மேகம் கட்டியிருந்தது. கிளம்பும்போது அம்மா உள்ளேயிருந்து, நான் வெள்ளிக்கிழமை எழுதினேனே, அச்சு அசலாக அதே வாக்கியத்தைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் ஆணியில் பார்த்தேன், குடை இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா வாங்கிப் போயிருக்கிறார், கொடுத்தது தங்கச்சி, அம்மாவுக்குத் தெரியாது. ‘எடுத்துப் போகிற நிலையில் வீட்டில் ஒரு குடை இருக்கிறது’ என்பது பொய். ஆனாலும் அம்மாவின் பேச்சு அதன் மேல்தான் நின்றது. வாசலில் நின்று இதை யோசித்துக்கொண்டிருந்ததில் ஏழே முக்கால் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வருவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

அம்மிக்கல் | திங்கள், இரவு 10:26

காய்ச்சல் வந்ததா தம்பி?